கிரிம்ப் செய்த பிரைமர் குழி: பழைய ரைஃபிள் உறையில் உண்மையில் எதைச் சரிசெய்கிறோம்?

தோட்டாவைத் தாங்களே மறுபடி நிரப்பிக்கொள்பவர்களிடையே ராணுவ உறைகளை, அதாவது சுட்ட தோட்டாவின் காலிப் பித்தளைக் கூடுகளைப் பற்றி ஒரு பேச்சு ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது: "அதில் பிரைமர் குழி சின்னது. குடைந்து பெரிதாக்கினால்தான் புது பிரைமர் போகும்." இதைப் பாதி உண்மை என்றுகூடச் சொல்ல முடியாது. பிரைமர், அதாவது தோட்டாவுக்குத் தீ மூட்டும் சின்னப் பொத்தான், உட்காரும் குழியின் அளவு சரியாகத்தான் இருக்கிறது. அதன் வாயில் மட்டும் கொஞ்சம் உலோகம் உள்பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கிறது, இதுதான் கிரிம்ப். அந்த வாயைச் சரிசெய்வது ஒரு வேலை. குழியைப் பெரிதாக்குவது வேறு வேலை, உறையை நாசமாக்கும் வேலை. இந்த வித்தியாசம் புரியாமல் கருவியைக் கையில் எடுப்பவர்கள் நல்ல பித்தளையைக் குப்பைக்கு அனுப்புகிறார்கள். சில சமயம் துப்பாக்கியையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டா நிரப்புவது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் உரிமம் இல்லாமல் பிரைமரையோ காலி உறையையோ வைத்திருப்பதே குற்றம். உங்கள் இடத்துச் சட்டத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது

ஒரு ரைஃபிள் தோட்டாவில் நான்கு பொருள்கள். முனையில் பறந்து போகும் குண்டு. உள்ளே எரியும் வெடிமருந்து. எல்லாவற்றையும் தாங்கும் பித்தளைக் கூடு, இதைத்தான் உறை என்கிறோம். உறையின் அடிப்பாகத்தில், நடுவில், சின்னப் பொத்தான் போல உட்கார்ந்திருப்பது பிரைமர். துப்பாக்கியின் ஊசி அடித்ததும் முதலில் தீப்பிடிப்பது இதுதான்.

சுட்ட பிறகு குண்டும் மருந்தும் போய்விடும், பிரைமர் செத்துவிடும். உறை மட்டும் மிஞ்சும். அதைச் செய்யும் பித்தளையில் சுமார் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுடும்போது விரிந்து, உடனே கொஞ்சம் சுருங்கிக்கொள்ளும் குணம் இந்தக் கலவைக்கு உண்டு. ஒரே உறையைப் பலமுறை நிரப்ப முடிவது அதனால்தான்.

பிரைமர் உட்காரும் வட்டப் பள்ளத்துக்குப் பிரைமர் குழி என்று பெயர். குழியின் தரையில் சுமார் 2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை இருக்கும். பிரைமரின் தீ அதன் வழியாகத்தான் மருந்துக்குப் போகிறது, அது தீத்துளை. ரைஃபிள் பிரைமர்கள் இரண்டு அளவில் வருகின்றன. சிறியது ஏறக்குறைய 4.4 மில்லிமீட்டர், பெரியது ஏறக்குறைய 5.3 மில்லிமீட்டர். நேட்டோ ராணுவங்களின் ரைஃபிள் தோட்டாக்களில், 5.56 நேட்டோவில் சிறியதும், 7.62 நேட்டோவில் பெரியதும் இருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரைமர், தான் உட்காரும் குழியைவிட ஒரு இழை அகலமாகவே செய்யப்படுகிறது. அழுத்தி நுழைத்தால் குழியின் சுவர் அதை நாலாபக்கமும் கவ்விக்கொள்ளும். பசையும் கிடையாது, திருகும் கிடையாது. சுவரின் பிடி ஒன்றுதான் பிரைமரை நிறுத்திவைக்கிறது.

கிரிம்ப் என்பது என்ன

மோதிரத்தில் கல் பதிப்பதைக் கவனித்திருப்பீர்கள். கல்லைக் குழியில் வைத்து, சுற்றியுள்ள உலோக விளிம்பைக் கல்லின் மேல் மெல்லத் தள்ளி மடக்குவார்கள். கல் விழாது. அதே கல் எப்போதாவது வெளியே வந்துவிட்டால், அதே அளவுள்ள புதுக் கல் உள்ளே போகாது, மடங்கிய விளிம்பு தடுக்கும். அதற்காக யாரும் குழியைத் தோண்டிப் பெரிதாக்க மாட்டார்கள். விளிம்பைத்தான் நிமிர்த்துவார்கள்.

பிரைமர் கிரிம்ப் என்பதும் இதே வேலைதான். பிரைமரை உள்ளே அழுத்திய பிறகு, குழியின் வாயோரத்துப் பித்தளையை ஒரு அச்சால் அழுத்தி, பிரைமரின் விளிம்புமேல் படியவைக்கிறார்கள். வட்டம் முழுவதும் அழுத்தினால் அது வளையக் கிரிம்ப். மூன்று நான்கு இடங்களில் மட்டும் உளியால் குத்தியதுபோல் அழுத்தினால் அது குத்துக் கிரிம்ப். இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே.

குண்டைப் பிடித்துக்கொள்ள உறையின் கழுத்தை இறுக்குவதையும் கிரிம்ப் என்றே சொல்கிறார்கள். அது உறையின் மறுமுனையில் நடக்கும் வேறு வேலை. இந்தக் கட்டுரையில் கிரிம்ப் என்றால் பிரைமரைச் சுற்றியது மட்டும்தான்.

இதுவரை பார்த்தது: பிரைமரை நிறுத்துவது குழிச்சுவரின் பிடி. கிரிம்ப் அதற்குமேல் போடும் கூடுதல் பூட்டு. பூட்டு இருப்பது வாயில், சுவரில் அல்ல.

இந்தப் பூட்டு எதற்கு

ஊசி அடித்து மருந்து எரிந்ததும், உறைக்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் நாலாயிரம் மடங்குக்கு ஏறுகிறது. இந்த அழுத்தம் குண்டை முன்னே தள்ளுவதோடு நிற்காது. தீத்துளை வழியாகத் திரும்பிவந்து பிரைமரைப் பின்னாலும் தள்ளும். பின்னால் இருப்பது போல்ட், அதாவது துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையை அடைத்துப் பூட்டும் இரும்புப் பாகம். உறைக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி எப்போதும் உண்டு. பிரைமர் அந்த இடைவெளி அளவுக்குப் பின்வாங்கிப் போல்ட்டில் முட்டுகிறது. அடுத்த கணம் அழுத்தம் இன்னும் ஏற, உறையின் முன்பாகம் அறைச்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அடிப்பாகம் நீண்டு பின்னே வந்து போல்ட்டைத் தொடுகிறது. வெளியே வந்த பிரைமர் இப்போது மறுபடி குழிக்குள் அமர்ந்துவிடுகிறது. அழுத்தம் குறைவான தோட்டாவைச் சுட்டபின் பிரைமர் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்பதன் காரணம் இதுதான்: வெளியே வந்தது, ஆனால் உறை நீண்டு அதை மறுபடி உள்ளே வாங்கவில்லை.

கையால் போல்ட்டை இழுக்கும் துப்பாக்கியில் இது சிக்கலே இல்லை. அழுத்தம் முழுதும் அடங்கிய பிறகுதான் யாரும் போல்ட்டைத் திறப்பார்கள். தானியங்கித் துப்பாக்கி அப்படிக் காத்திருக்காது. உள்ளே மிச்ச அழுத்தம் இருக்கும்போதே போல்ட் திறக்கத் தொடங்கலாம். உறையை அது வெடுக்கென்று பிடுங்குகிறது. பின்னால் தாங்க ஆள் இல்லாத அந்த நொடியில் பிரைமர் கழன்று விழுந்தால், விசைப் பொறிக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். அந்தச் சின்ன உலோகத் துண்டு துப்பாக்கியையே முடக்கிவிடும். போர்க்களத்தில் அதற்கு இடம் தர முடியாது என்பதால்தான் ராணுவங்கள் கிரிம்ப் கேட்கின்றன.

ஆகவே கிரிம்ப் இருப்பது மட்டமான உறைக்கு அடையாளம் அல்ல. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில் 1941இல் தொடங்கிய லேக் சிட்டி ஆலையின் உறைகளைத் தோட்டா நிரப்புபவர்கள் தேடித்தேடிச் சேர்க்கிறார்கள். அவற்றிலும் கிரிம்ப் இருக்கிறது.

கண்ணால் அடையாளம் காணுதல்

உறையின் அடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வளையக் கிரிம்ப் என்றால், பிரைமரைச் சுற்றி அச்சு பதிந்த இன்னொரு வட்டம் தெரியும். குத்துக் கிரிம்ப் என்றால் குழியோரத்தில் சில வடுக்கள். அடியில் பொறித்த எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். வட்டத்துக்குள் சிலுவை போட்ட நேட்டோ முத்திரை இருந்தால் பெரும்பாலும் கிரிம்ப் இருக்கும். ஆனால் கடையில் விற்கும் சில .223 தோட்டாக்களிலும் (5.56 நேட்டோவின் வணிக வடிவம்) கிரிம்ப் வருகிறது. பார்த்து முடிவு செய்வதே சரி.

அடிக்கடி குழப்பும் இரண்டு விஷயங்கள். பிரைமரைச் சுற்றிச் சிவப்பிலோ பச்சையிலோ ஒரு வண்ணக்கோடு தெரிந்தால், அது ஈரம் புகாமல் பூசிய அரக்கு. கிரிம்ப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கருவியும் தேவையில்லை. உறையின் கழுத்தில் நீலமும் பழுப்புமாகக் கறை படிந்திருந்தால், அது துப்பாக்கிச் சூட்டில் வெந்தது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். தொழிற்சாலையிலேயே கழுத்தைச் சூடாக்கி மென்மையாக்கியதன் தடம் அது. வணிக உறைகளில் அதை மெருகேற்றி அழித்துவிடுகிறார்கள், ராணுவ உறைகளில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

உண்மையில் ஒதுக்க வேண்டியவை வேறு. காந்தத்தில் ஒட்டும் இரும்பு உறைகளை ஒதுக்குங்கள். பிறகு, உறையின் வாய் வழியாக உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நட்டநடுவே ஒற்றைத் துளை இருந்தால் அது பாக்ஸர் வகை. நடுவில் மேடும் பக்கத்தில் இரண்டு சின்னத் துளைகளும் இருந்தால் அது பெர்டான் வகை. இரண்டும் 1860களில் வந்தவை, உருவாக்கியவர்களின் பெயரைத் தாங்கியவை. பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கா ஆங்கிலேயரின் முறையைப் பிடித்துக்கொண்டது, ஐரோப்பாவில் அமெரிக்கரின் முறை பரவியது. தொடங்குபவருக்கு வேண்டியது பாக்ஸர் மட்டும். பெர்டான் உறையில், பழைய பிரைமரைத் தள்ளியெடுக்கும் வழக்கமான ஊசியை இறக்கினால் ஊசி உடையும்.

பழைய பிரைமரை வெளியே தள்ளுதல்

உறைக்குள் ஒரு எஃகு ஊசியை இறக்கி, தீத்துளை வழியாகப் பிரைமரைப் பின்பக்கம் தள்ளி எடுக்கிறோம். கிரிம்ப் இருக்கும்போது இதற்குச் சாதாரணத்தைவிட அதிக பலம் வேண்டும். உறையை அளவுக்கு அழுத்தும் அச்சில் இருக்கும் மெல்லிய ஊசி வளையவோ ஒடியவோ செய்யும். பிரைமர் எடுப்பதற்கென்றே தடித்த ஊசியோடு தனி அச்சு கிடைக்கிறது. ராணுவ உறைகளை எடுப்பவர் அதை வாங்கிக்கொள்வது நல்லது. உறையில் மண்ணோ கூழாங்கல்லோ இருந்தாலும் ஊசி ஒடியும், முதலிலேயே கவிழ்த்துத் தட்டிவிடுங்கள்.

அதற்கு முன் ஒவ்வொரு பிரைமரிலும் துப்பாக்கியின் ஊசி அடித்த பள்ளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளம் இல்லாதது சுடாத பிரைமர், இன்னும் உயிரோடு இருப்பது. பள்ளம் இருந்தும் வெடிக்காமல் போனதும் உண்டு. அப்படிச் சந்தேகம் வந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். கிரிம்ப் பிடித்திருக்கும் உயிர்ப் பிரைமரைப் பலமாகத் தள்ளினால் அது முகத்துக்கு நேராக வெடிக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் உட்காரக் கூடாது. இன்னொன்று: பெரும்பாலான பிரைமர்களில் ஈயக் கலவை இருக்கிறது. குழியில் படிந்திருக்கும் கரியிலும், உறைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யும்போது எழும் தூசியிலும் அது இருக்கும். காற்றோட்டமான இடத்தில் செய்து, முடித்ததும் கையை நன்றாகக் கழுவுங்கள்.

வாயை நிமிர்த்துவது, வாயைச் செதுக்குவது

பிரைமர் வெளியே வந்தாலும் மடங்கிய விளிம்பு அப்படியேதான் இருக்கும். அதை நீக்க இரண்டு வழிகள்.

முதலாவது ஸ்வேஜிங். உலோகத்தை வெட்டாமல், அழுத்தி நகர்த்துவதற்கு இந்தப் பெயர். குழியின் சரியான அளவில், முனையோரம் லேசாக உருண்ட கெட்டியான எஃகுத் தண்டு ஒன்றைக் குழிக்குள் அழுத்துகிறோம். மடங்கிய பித்தளை வெளிப்பக்கம் ஒதுங்குகிறது. வாயோரத்தில் ஒரு சிறு வளைவும் உருவாகிறது. அழுத்தும்போது உறை நகராமல் இருக்க, உள்ளே இன்னொரு தண்டு அடித்தரையைத் தாங்கி நிற்கும். பித்தளை துளியும் குறைவதில்லை.

இதில் பலரும் வழுக்குவது ஒரே இடத்தில்தான். உறையின் அடித்தரை எல்லா ஆலைகளிலும் ஒரே தடிமன் அல்ல. தரை தடித்த உறைக்குச் சரிசெய்த கருவியில் தரை மெல்லிய உறையை வைத்தால் தண்டு போதிய ஆழம் போகாது, கிரிம்ப் பாதியில் நிற்கும். மாறாக வைத்தால் அளவுக்கு மீறி அழுந்திக் குழியின் வாய் விரிந்துவிடும். அதனால் உறைகளை ஆலை முத்திரைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு குவியலுக்கும் கருவியைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும். அலுப்பான வேலைதான், தவிர்க்க முடியாது.

இரண்டாவது வழி ரீமர், அதாவது வாயோரத்தைச் சுற்றிச் செதுக்கும் வெட்டுக்கருவி. குழிக்குள் வைத்துத் திருகினால் மடங்கிய பித்தளை ஒரு மெல்லிய வளையமாகச் சீவி வரும். கருவியும் மலிவு, தரைத் தடிமன் பற்றிய கவலையும் குறைவு. ஆனால் வெட்டியது திரும்ப வராது. கையால் திருகும்போது எங்கே நிறுத்துவது என்று கை பழகும்வரை தெரியாது. மின் துரப்பணத்தில் மாட்டிவிட்டால் இரண்டு நொடியில் எல்லை தாண்டிவிடும். வாயின் சாய்வு ஆழமாகிப்போனால், பிரைமரைக் கவ்வ வேண்டிய சுவரின் உயரமே குறைகிறது. முழு ஆழம் போனதும் தானாக நிற்கும்படி தடுப்பு வைத்த ரீமர்கள் கிடைக்கின்றன. தடுப்பில்லாத, கூம்பு வடிவ வெட்டுக்கருவியைத் தொடங்குபவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது.

இரண்டில் எது என்று கேட்டால், உறைகள் நிறைய இருந்து, பிரித்துவைக்கப் பொறுமையும் இருப்பவருக்கு ஸ்வேஜிங். கைக்கு வந்த சில உறைகளுக்குத் தடுப்பு வைத்த ரீமர்.

இதுவரை பார்த்தது: இரண்டு வழியிலும் தொட வேண்டியது வாயை மட்டும். சுவரின் அகலம் மாறினால் அது கிரிம்ப் நீக்கம் அல்ல, சேதம்.

வேலை சரியாக வந்ததா

சரியாக நீக்கிய குழியில், வாயோரம் சுற்றிலும் ஒரே அகலத்தில் மெல்லிய பளபளப்பான கோடு தெரியும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் காணாமல் போயிருந்தால் கருவி சாய்ந்திருக்கிறது. போகலாம், போகக் கூடாது என்று இரு முனை கொண்ட அளவுக்கோல்கள் உண்டு. ஒரு முனை குழிக்குள் இலகுவாக நுழைய வேண்டும், மற்ற முனை நுழையவே கூடாது.

கடைசிச் சோதனை கைக்குத்தான் தெரியும். புது பிரைமரை அழுத்தும்போது சீரான ஒரு எதிர்ப்பு கடைசிவரை இருந்து, பிறகு தரையில் முட்டி நிற்க வேண்டும். வாயிலேயே கெட்டியாக முட்டினால் கிரிம்ப் மிச்சம் இருக்கிறது. அங்கே பலத்தைக் காட்டாதீர்கள். பிரைமரின் ஓரம் சீவப்பட்டு, சாய்ந்து நுழைந்து, நசுங்கும், வெடிக்கவும் கூடும். உறையை வெளியே எடுத்து மறுபடி கருவிக்கு அனுப்புங்கள். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கி உள்ளே போனால் குழி தளர்ந்துவிட்டது. அந்த உறையின் ஆயுள் அங்கேயே முடிந்தது. தளர்ந்த பிரைமரைச் சுற்றிக் கசியும் சூடான வாயு போல்ட்டின் முகத்தை அரித்துக் குழிபறிக்கும். உறைக்காகத் துப்பாக்கியைப் பணயம் வைக்க வேண்டாம். அந்த உறையின் வாயைக் குறடால் நசுக்கிவிட்டு, பழைய உலோகத்தோடு சேர்த்துவிடுங்கள்.

உட்கார்ந்த பிரைமர் உறையின் அடியோடு சமமாகவோ, அதைவிட ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தாழ்வாகவோ இருக்கலாம். மேலே துருத்தக் கூடாது. விரலால் தடவினாலே தெரியும். எம்1 கேரண்ட், ஏஆர்-15 போன்ற துப்பாக்கிகளில் ஊசியைப் பின்னே இழுத்துப் பிடிக்கும் சுருள்வில் கிடையாது. போல்ட் மூடும் வேகத்தில் ஊசி தானாக முன்னே ஓடிப் பிரைமரை லேசாகத் தொடும். பிரைமர் துருத்தியிருந்தால், விசையைத் தொடாமலே தோட்டா வெடிக்கும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. பாதி நீங்கிய கிரிம்ப்பை வைத்துக்கொண்டு "எப்படியோ உள்ளே போய்விட்டது" என்று நகர்வதில் எனக்கு உள்ள பெரிய பயமே இதுதான்.

உறையின் மற்ற பகுதிகள்

பிரைமர் குழி தயாராகிவிட்டால் மற்றவை எல்லா உறைக்கும் பொதுவானவை. உறைக்கு எண்ணெய்ப் பூச்சு கொடுத்து, அளவு அச்சில் முழு நீளத்துக்கும் அழுத்திப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பூச்சு இல்லாமல் அழுத்தினால் உறை அச்சிலேயே சிக்கிக்கொள்ளும். அழுத்தியபின் உறை நீளும் என்பதால் நீளத்தை அளந்து வெட்ட வேண்டும். .223 ரெமிங்டன் உறைக்கு அதிகபட்சம் 44.70 மில்லிமீட்டர்.

இயந்திரத் துப்பாக்கியில் சுட்ட உறைகளில் ஒன்றைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். அந்தத் துப்பாக்கிகளின் அறை பெரும்பாலும் தாராளமாக இருக்கும். உறை அதற்கேற்ப அதிகம் நீண்டிருக்கும். அடிக்குச் சற்று மேலே, சுற்றிலும் ஒரு பளிச்சென்ற கோடு தெரிந்தால் அங்கே சுவர் உள்ளுக்குள் மெலிந்திருக்கலாம். முனையை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, அந்த இடத்தில் சுவரை மேலும் கீழும் வருடினால் பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். தட்டுப்பட்ட உறையை வைத்திருக்காதீர்கள். அடுத்த சூட்டில் அது இரண்டாகப் பிரியலாம்.

7.62 நேட்டோ உறைகளின் சுவர், .308 வணிக உறைகளைவிடப் பொதுவாகத் தடித்தது. வெளி அளவு ஒன்றுதான், ஆனால் உள்ளே இடம் குறைவு. அதே அளவு மருந்து அங்கே அதிக அழுத்தம் தரும். எனவே வணிக உறைக்கு எழுதிய மருந்தளவை அப்படியே இதில் கொட்டக் கூடாது. வெளியிடப்பட்ட அட்டவணையின் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகத்தான் ஏற வேண்டும்.

கிரிம்ப் நீக்கும் வேலை ஒரு உறைக்கு ஒரே முறைதான். வெளியே ஒதுங்கிய பித்தளை தானாக உள்ளே திரும்பாது, வெட்டியதும் வளராது. அடுத்தடுத்த முறைகளில் அந்த உறை மற்ற எந்த உறையையும் போலத்தான். அதனால் முடித்த உறைகளையும் முடிக்காதவற்றையும் ஒரே டப்பாவில் கலக்காதீர்கள். கலந்தால், ஏற்கெனவே சரியாக இருக்கும் குழிக்குள் மறுபடி ரீமரை இறக்கிக் கெடுப்பது மிக எளிது. முடித்த உறையின் அடியில் நிரந்தர மை பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுத் தனி டப்பாவில் போடுங்கள். சுத்தம் செய்யும்போது மை அழிந்துவிடும் என்பதால், டப்பாவின் மேலேயும் எழுதி ஒட்டிவையுங்கள்.